காலித் தொட்டிக்கு எதுக்கு சார் கரண்டு?

1/
எங்க வீட்டு ஹாலில் ஒரு மீன் தொட்டி இருக்கு. ஜூன் மாசத்தில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அதில் ஒரு மீன்கூட கிடையாது. ஆனாலும் மோட்டார் இருபத்திநாலு மணி நேரமும் ஓடிச்சு. சிரிஞ்சில் அளந்து அளந்து ஒரு கரைசலை அதில் விட்டுக்கிட்டே இருந்தோம். வீட்டுக்கு வந்த எல்லாரும் கேட்ட கேள்விதான் மேலே தலைப்பா இருக்கு. அதுக்கான பதில்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். மீன் வளர்க்காதவங்களும் படிக்கலாம், கடைசியில் நம்ம உடம்புக்கும் ஒரு சேதி இருக்கு.

2/
மொரப்பூர்ல ரயில் சத்தம் கேக்கற தூரத்தில்தான் வீடு. மகனுக்கு எட்டு வயசு. தொட்டி ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், தண்ணி அறுபது லிட்டர் பிடிக்கும். அதில் ரெண்டு தங்கமீன், நாலு மோலி. முன்னாடி போற பெரிய தங்கமீனுக்கு அவன் வெச்ச பேரு "இன்ஜின்". பின்னாடியே சுத்தற சின்னதுக்கு "கார்டு". நடுவில் இருக்கற மோலி நாலும் "பெட்டிங்க". காலையில் பல்லு விளக்கும்போதே தொட்டி முன்னாடி நின்னு, வண்டி கிளம்பிடுச்சான்னு பார்ப்பான்.

3/
மே மாசம், லீவுக்கு அவன் அரூர்ல பாட்டி வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வரும்போது தொட்டி பளிச்சுனு இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. ஞாயித்துக்கிழமை முழுசா உட்கார்ந்து கழுவினேன். பழைய தண்ணி மொத்தத்தையும் இறைச்சேன். கல்லையெல்லாம் அலசினேன். ஃபில்டர் உள்ளே இருக்கற பஞ்சு பழுப்பா, வழவழன்னு, பார்க்கவே அருவருப்பா இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சிந்தின இடத்துக்கு என்ன பண்ணுவோமோ அதையே பண்ணினேன். பிளீச்சிங் கரைசலில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, நல்லா அலசி, வெயிலில் காய வெச்சேன். பஞ்சு புதுசு மாதிரி வெள்ளையா வந்துச்சு. எனக்கு அவ்வளவு பெருமை.

4/
குளோரின் மீனுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதனால முதல் நாளே தண்ணியைத் திறந்த டிரம்மில் பிடிச்சு வெச்சிருந்தேன். மீனை விட்டதும் ஒண்ணும் ஆகலை. ரெண்டு நாள் ஜம்முனு சுத்துச்சு. மூணாவது நாள் இன்ஜின் தண்ணிக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. நாலாவது நாள் எல்லாமே மேலே வந்துருச்சு. செவுள் சிவந்து போய், மூச்சு வேகமா இருந்தது.

மூச்சு வாங்குது, செவுள் சிவந்திருக்கு. நான் என்ன நினைச்சிருப்பேன்? இன்ஃபெக்‌ஷன். வீட்டில் இருந்த ஆன்டிபயாடிக் கேப்சூல் ரெண்டைப் பிரிச்சுத் தொட்டியில் கொட்டினேன். எதையும் டெஸ்ட் பண்ணலை. யாரையும் கேக்கலை.

5/
ஆறாவது நாள் காலையில் ஆறும் மிதந்துச்சு. கொல்லைப்புறம் முருங்கை மரத்தடியில் புதைச்சேன்.

மகன் வந்தான். காலித் தொட்டியைப் பார்த்தான். "இன்ஜின் எங்கப்பா?" நான் சொன்னது: "நோய் வந்துடுச்சுடா கண்ணு. அப்பா மருந்து போட்டுப் பார்த்தேன், காப்பாத்த முடியலை."

அவன் அழுதுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீ டாக்டர்தானே, உன்னாலயே முடியலைன்னா பெரிய நோயாத்தான் இருந்திருக்கும்"னு சொன்னான். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னான். அந்த நிமிஷம் வரைக்கும் நான் சொன்னது பொய்னு எனக்கே தெரியாது. உண்மையிலேயே நோய்னுதான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

6/
அடுத்த வாரம் சேலத்தில் ஒரு மீன் கடைக்குப் போனேன். புது மீன் வேணும், பழசெல்லாம் நோய்ல செத்துடுச்சுன்னு சொன்னேன். கடைக்காரர் மீன் பிடிக்கற வலையைக் கீழே வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பஞ்சை எதுல கழுவினீங்க சார்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "மீனுக்கு நோய் இல்ல சார். பஞ்சுல இருந்த பாக்டீரியாவை நீங்க கொன்னுட்டீங்க. அது இல்லாம மீன் அதோட மூத்திரத்துலயே செத்துப் போச்சு. இப்ப மீன் தர மாட்டேன். அஞ்சாறு வாரம் கழிச்சு வாங்க."

பணத்தோட வந்து நிக்கற ஆளுக்குச் சரக்கு தர மாட்டேன்னு சொல்றார். அதோட, ஒரு நோயாளியின் கதையைக் கேக்கறதில் நான் பண்ணத் தவறினதை அவர் ஒரே கேள்வியில் பண்ணிட்டார்.

7/
இப்ப அறிவியலுக்கு வருவோம்.

நம்ம உடம்பில் புரதம் செரிச்சு வர்ற கழிவு அமோனியா. அது விஷம். அதனால கல்லீரல் அதை யூரியாவா மாத்தி, சிறுநீரகம் வெளியே அனுப்பும். கல்லீரல் கெட்டுப் போன நோயாளிக்கு அமோனியா ரத்தத்தில் ஏறி, மூளை குழம்பி, பேச்சு தடுமாறி, மயக்கத்துக்கே போயிடுவாங்க. வார்டில் நாங்க அடிக்கடி பார்க்கறதுதான்.

மீனுக்கு இந்தத் தொல்லை கம்மி. பெரும்பாலான அமோனியாவை நேரா செவுள் வழியா தண்ணியில் விட்டுடும். ஆத்துல, ஏரியில அது கரைஞ்சு போயிடும். அறுபது லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள்ள எங்கே போகும்? அதைச் சமாளிக்கறது அந்தப் பழுப்புப் பஞ்சு. தொட்டிக்குக் கல்லீரல் அதுதான். நான் கல்லீரலைப் பிளீச்சிங் பவுடரில் ஊற வெச்சிருக்கேன்.

8/
இன்னொரு விஷயம். தண்ணியில் அமோனியா ரெண்டு வடிவத்தில் இருக்கும். ஒண்ணு அமோனியம், அவ்வளவா கெடுதல் இல்லை. இன்னொண்ணு தனி அமோனியா, அதுதான் கொல்லும். எது எவ்வளவுங்கறதைத் தண்ணியின் பி.ஹெச்.சும் சூடும் தீர்மானிக்கும். பி.ஹெச். 7 இருக்கற தண்ணியில் தனி அமோனியா ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதே 8.2 இருந்து, சூடு 30 டிகிரின்னா சுமார் பத்து சதவீதம்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்புத் தண்ணி, பி.ஹெச். எட்டுக்கு மேலே. மாசமோ மே. மழைத்தண்ணி மாதிரி மென்மையான தண்ணியில் தாங்கியிருக்கக்கூடிய அளவு கழிவுகூட எங்க தொட்டியில் எமனா ஆயிருக்கு.

9/
சரி, பாக்டீரியா என்ன பண்ணும்? ரெண்டு கட்டமா வேலை செய்யும். முதல் கூட்டம் (நைட்ரோசோமோனாஸ் வகையறா) அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும். ரெண்டாவது கூட்டம் (நைட்ரோஸ்பைரா வகையறா) நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா போதும்.

நடுவில் வர்ற நைட்ரைட் சும்மா இல்லை. ரத்தத்தில் இருக்கற ஹீமோகுளோபினை ஆக்சிஜன் தூக்க முடியாதபடி மாத்திடும், ரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போகும். மனுஷங்களுக்கும் இதே கோளாறு வரும், மெத்தமோகுளோபினீமியான்னு பேரு. நைட்ரேட் அதிகமான கிணத்துத் தண்ணியில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்த கைக்குழந்தைங்க நீலம் பாரிச்சுப் போவாங்க. அதனாலதான் நம்ம நாட்டுக் குடிநீர் தரத்தில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்காங்க.

10/
இந்த பாக்டீரியாக்களைப் பத்தி ஒரு முக்கியமான சேதி: ரொம்ப நிதானம். நம்ம குடலில் இருக்கற ஈ.கோலைக்கு வசதி கிடைச்சா இருபது நிமிஷத்தில் ஒண்ணு ரெண்டாகும். இவங்களுக்கு நல்ல சூழ்நிலையிலேயே பல மணி நேரம் ஆகும், தொட்டியில் ஒரு நாள்கூட ஆகலாம். தண்ணியில் மிதக்கறது கம்மி. பஞ்சு, கல், கண்ணாடின்னு எதையாவது ஒட்டிக்கிட்டு வழவழன்னு ஒரு படலமா வாழும். காய்ஞ்சு போனா தப்பிக்கறதுக்கு விதை மாதிரி ஸ்போர் எதுவும் இதுகளுக்கு இல்லை. நான் அருவருப்புப்பட்ட அந்த வழவழப்புதான் அவங்க ஊரு. பிளீச்சிங், வெயில் ரெண்டையும் நான் கொடுத்திருக்கேன்.

11/
இது உயிர் செய்யற வேலைன்னு கண்டுபிடிச்ச கதை அழகானது. 1877. பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ்னு ரெண்டு பேர். நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, மேலே இருந்து சாக்கடைத் தண்ணியை மெதுவா விட்டாங்க. இருபது நாள் ஒண்ணுமே நடக்கலை. அப்புறம் அமோனியா குறைஞ்சு நைட்ரேட் வர ஆரம்பிச்சுது. வெறும் ரசாயன வேலையா இருந்தா எதுக்கு இருபது நாள் காத்திருக்கணும்? சந்தேகத்தில் குளோரோஃபார்ம் செலுத்தினாங்க. அந்தக் காலத்து மயக்க மருந்து. வேலை நின்னு போச்சு. அப்புறம் கொஞ்சம் தோட்டத்து மண்ணைக் கரைச்சு ஊத்தினாங்க. மறுபடியும் ஆரம்பிச்சுது. உள்ளே உயிர் இருக்குன்னு உறுதியாச்சு.

12/
1890-ல் வினோகிராட்ஸ்கி இவங்களைத் தனியா பிரிச்சு வளர்த்தார். மத்த கிருமிகளுக்குக் கொடுக்கற சத்தான உணவு இவங்களுக்கு வேண்டாம். அமோனியா, ஆக்சிஜன், தண்ணியில் கரைஞ்ச கார்பன், அவ்வளவுதான்.

மீன் தொட்டியில் நைட்ரைட்டைத் தின்னறது நைட்ரோபேக்டர்னுதான் ரொம்ப காலம் புத்தகங்களில் இருந்தது. 1998-ல் தான் ஹோவனெக் குழு, நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்யறது நைட்ரோஸ்பைரான்னு காட்டினாங்க. 2015-ல் ரெண்டு கட்டத்தையும் தனி ஆளாவே முடிக்கிற ஒரு நைட்ரோஸ்பைரா வகையைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஹால் ஓரத்தில் ஓடற பஞ்சுக்குள்ள இவ்வளவு இருக்கு.

13/
இதெல்லாம் படிச்சு முடிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மீன் போன துக்கம் இல்லை. "நோய்"னு சொன்ன வார்த்தை.

எங்க வேலையில் தப்பு நடக்காம இருக்காது. நடந்தா மறைக்காதேன்னு படிச்சிருக்கோம். ஜூனியர்களுக்கு அதையே சொல்லியும் கொடுக்கறேன். எட்டு வயசுப் பையன்கிட்ட சொல்ல வாய் வரலை. அவனுக்குத் தெரியவே போறதில்லை, புது மீன் வாங்கிட்டா மறந்துடுவான்னு ஒரு மனசு. "நீ டாக்டர்தானே"ன்னு அவன் சொன்னது இன்னொரு மனசில்.

மூணு நாள் கழிச்சு முருங்கை மரத்தடியில் அவனைக் கூப்பிட்டு உட்கார வெச்சுச் சொன்னேன். "இன்ஜினுக்கு நோய் வரலைடா. அப்பா பஞ்சைத் தப்பா கழுவிட்டேன். அதனாலதான் செத்துச்சு."

14/
ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்போ ஏன்ப்பா நோய்னு சொன்ன?"

"அப்போ எனக்கே தெரியாதுடா."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும்ல?"

இதுக்கு மேலே எந்தப் பேராசிரியரும் என்னைக் கேட்டதில்லை. ரெண்டு நாள் என்கூட சரியா பேசலை. மூணாவது நாள் வந்து, "அந்த பாக்டீரியாவைத் திரும்ப வளர்க்க முடியுமா?"ன்னு கேட்டான். முடியும்னு சொன்னேன். இங்கேதான் காலித் தொட்டி கதை ஆரம்பிக்குது.

15/
மீனை விட்டு, அது போடற அமோனியாவில் பாக்டீரியாவை வளர்க்கறது பழைய முறை. அதில் அந்த மீனுக்கு மூணு நாலு வாரம் சித்திரவதை. அதைவிட, மீன் இல்லாமலே அமோனியாவை நாமே கொடுக்கலாம்.

எதைக் கொடுக்கறது? அம்மோனியம் குளோரைடு. பயந்துடாதீங்க, நம்ம ஊரு நவச்சாரம்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவங்க தேய்ப்பாங்களே, அது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனா அதில் என்ன கலந்திருக்கும்னு நமக்குத் தெரியாது. அதனால சோதனைக்கூடத் தரத்தில் ஒரு சின்ன டப்பா வாங்கினேன்.

இருபது கிராமை ஒரு லிட்டர் தண்ணியில் கரைச்சு வெச்சேன். அதில் இருபது மில்லியை எங்க அறுபது லிட்டர் தொட்டியில் விட்டா, அமோனியா லிட்டருக்குச் சுமார் ரெண்டு மில்லிகிராம் வரும். ஒரு பெரிய சிரிஞ்ச் நிறைய. கணக்கு மகனுக்கும் புரிஞ்சுது.

(அந்த பாட்டிலில் "விஷம், குடிக்கக் கூடாது"ன்னு எழுதி, உயரத்தில் பூட்டி வைங்க. வீட்டில் குழந்தை இருக்கு.)

16/
மோட்டார் ஓடணும். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாத்த, நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் வேணும். மீன் இல்லையேன்னு மோட்டாரை நிறுத்தினா வேலை நடக்காது.

தண்ணியில் காரத்தன்மையும் வேணும். அதே ஒரு மில்லிகிராமுக்கு ஏழு மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்தி வெச்சீங்கன்னா பி.ஹெச். இறங்கி எல்லாம் பாதியில் நின்னுடும். மீனைக் கொல்றதுக்கு உதவின எங்க உப்புத் தண்ணி, பாக்டீரியா வளர்க்கறதுக்கு மட்டும் நல்லா ஒத்துழைச்சுது. சூடேத்தற ஹீட்டரும் தேவைப்படலை. ஜூன் மாச தர்மபுரி மாவட்டமே போதும்.

17/
வார்டில் நோயாளி கட்டில் காலடியில் காய்ச்சல் சார்ட் மாட்டியிருப்போம். அதே மாதிரி ஒண்ணு மகன் வரைஞ்சு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். தினமும் சாயங்காலம் சொட்டு மருந்து கிட்டில் டெஸ்ட். நிறத்தை அவன் ஒத்துப் பார்ப்பான், நான் எழுதக் கூடாது.

முதல் ஒன்பது நாள் அமோனியா அப்படியே நின்னுச்சு. "செத்துப் போச்சாப்பா?" இல்லைடா, ஷ்லோசிங் தாத்தா இருபது நாள் காத்திருந்தாரு. பதினோராவது நாள் நைட்ரைட் எட்டிப் பார்த்துச்சு. பதினாறாவது நாள் அமோனியா பூஜ்யம். அவன் குதிச்ச குதிக்கு அளவில்லை. அமோனியா தீரத் தீர மறுபடி ஒரு சிரிஞ்ச் விட்டோம். நைட்ரைட் மட்டும் கருஞ்சிவப்பா, இறங்கவே மாட்டேன்னு ரெண்டு வாரம் நின்னுச்சு.

18/
நடுவில் ஒரு நாள் நைட்ரைட் கிட் தீர்ந்து போச்சு. அப்போதான் பொறி தட்டுச்சு. சிறுநீர் டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப்பில் ஒரு கட்டம் நைட்ரைட்டுக்குத்தானே? கிருமித் தொற்று இருந்தா இளஞ்சிவப்பாகும். அதே ரசாயன வினை. மருந்துக் கடையில் ஒரு டப்பா வாங்கி (ஆஸ்பத்திரி ஸ்ட்ரிப் இல்லைங்க, பில் இருக்கு!) தொட்டியில் நனைச்சோம். பளிச்சுனு நிறம் வந்துச்சு. "தொட்டிக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன்"னு மகன் ஊரெல்லாம் சொல்லிட்டான். துல்லியமா அளக்க அது போதாது, இருக்கா இல்லையான்னு பார்க்க மட்டும்தான்.

19/
வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு இதெல்லாம் பொறுக்கலை. "காலித் தொட்டிக்கு எதுக்கு சார் கரண்டு? மீட்டர் ஓடறது கண்ணுக்குத் தெரியலையா?" தினமும் ஒரு தடவை கேப்பாங்க. ஒரு நாள் உட்கார்ந்து விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாத உயிர், பஞ்சில் ஒட்டிக்கிட்டு வளரும், கழிவைத் தின்னும்னு.

கேட்டுட்டு அவங்க சொன்னது: "அப்ப உறை மோர்னு சொல்லுங்க சார். உறை ஊத்தாம பால் எப்படித் தோயும்? பழைய தொட்டி வெச்சிருக்கவங்ககிட்ட ஒரு துண்டு அழுக்குப் பஞ்சு வாங்கிப் போட்டிருந்தா சீக்கிரம் தோய்ஞ்சிருக்குமே?"

நூத்துக்கு நூறு சரி. நல்லா ஓடற, நோயில்லாத தொட்டியில் இருந்து கொஞ்சம் பஞ்சோ கல்லோ ஈரத்தோட கொண்டு வந்து போட்டா, அஞ்சு வார வேலை ரெண்டு வாரத்தில்கூட முடியும். எனக்குத் தோணலை, அவங்களுக்குத் தோணுச்சு. அன்னியில் இருந்து அவங்க அந்தக் கேள்வியைக் கேக்கலை.

20/
முப்பத்தி நாலாவது நாள். முந்தின நாள் சாயங்காலம் விட்ட ரெண்டு மில்லிகிராம் அமோனியா, இருபத்திநாலு மணி நேரத்தில் பூஜ்யம். நைட்ரைட்டும் பூஜ்யம். தொட்டி தயார். ஞாயித்துக்கிழமை சேலம் போறதா திட்டம்.

வியாழக்கிழமை எனக்கு மாற்றுப்பணி உத்தரவு வந்துச்சு. ஆறு வாரம் வேற ஊரில். வீட்டம்மாவும் மகனும் அரூர்ல இருந்து பள்ளிக்கூடம் போய் வர்றதா ஏற்பாடு. வீட்டில் ஆளில்லை. புது மீனை வாங்கி யாரை நம்பி விடறது? மகன் தெளிவா சொன்னான்: "மீன் வேணாம்ப்பா இப்ப. பாக்டீரியாவை மட்டும் சாக விடாத."

21/
மீன் இல்லாம பாக்டீரியாவை எப்படிக் காப்பாத்தறது? பயப்படற அளவுக்குக் கஷ்டமில்லை. பசி வந்ததும் உடனே சாகறதில்லை. வேகத்தைக் குறைச்சுக்கிட்டுப் பல வாரம் தாங்கும். ஆனா கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். அதனால பாதி அளவு சாப்பாடு போதும். வாரத்துக்கு ரெண்டு தடவை, பத்து மில்லி.

அந்தப் பொறுப்பை அக்கா எடுத்துக்கிட்டாங்க. சிரிஞ்சில் பத்தாவது கோட்டில் மகன் சிவப்பு மார்க்கரால் குறி போட்டான். திங்கள், வியாழன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்தணும், பிடிச்சு வெச்ச தண்ணி. ஏன்னா சேர்ற நைட்ரேட்டும் வெளியே போகணும், செலவான காரத்தன்மையும் திரும்ப வரணும்.

22/
மூணாவது வாரம் ஒரு நாள் காலையில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. சாயங்காலம் வரைக்கும் வராது. நான் ஓ.பி.யில் இருக்கேன், ஞாபகமே இல்லை. பத்து மணிக்கு அக்காகிட்ட இருந்து போன்.

"சார், கரண்டு இல்ல. மோட்டார் நின்னுடுச்சு. அந்த டப்பாவைக் கழட்டிப் பஞ்சை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணியிலேயே மிதக்க விட்டுட்டேன். சரிதானே?"

எங்க ஃபில்டரில் பஞ்சு மூடின டப்பாவுக்குள்ள இருக்கும். தண்ணி ஓடலைன்னா உள்ளே இருக்கற ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துடும், மூச்சு முட்டும். வெளியே எடுத்துத் தொட்டியில் விட்டா தாங்கும். இதை நான் அவங்களுக்குச் சொல்லித் தரவே இல்லை. "உறை மோரை மூடி போட்டு இறுக்கி வெச்சா வீணாப் போயிடும்ல சார்." அன்னிக்கு அப்பப்ப ஒரு சொம்பால தண்ணியை மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டும் இருந்திருக்காங்க.

23/
ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தோம். முதல் வேலையா முழு சிரிஞ்ச், இருபது மில்லி. மகன் அன்னிக்கு ராத்திரி தூங்கலை. மறுநாள் சாயங்காலம் டெஸ்ட். அமோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம்.

முக்கால்வாசித் தண்ணியை மாத்திட்டு, சேலத்துக்கே போனோம். கடைக்காரர் இந்தத் தடவை சார்ட்டை வாங்கிப் பார்த்துட்டுத்தான் வலையை எடுத்தார். தங்கமீனுக்கு அறுபது லிட்டர் பத்தாது, உங்க உப்புத் தண்ணிக்கு மோலிதான் சரின்னு நாலு மோலி கொடுத்தார். எல்லாமே இப்ப நல்லா இருக்கு. புது இன்ஜின் கருப்பு. டீசல் இன்ஜினாம்.

24/
இப்ப உடம்புக்கான சேதி. எங்க ஓ.பி.யில் தினமும் நடக்கறது: குழந்தைக்கு ரெண்டு நாளா சளி, இல்லைன்னா வயித்துப்போக்கு. "நல்ல ஆன்டிபயாடிக்கா எழுதுங்க சார், சீக்கிரம் சரியாகணும்." குழந்தைகளுக்கு வர்ற சளியும் வயித்துப்போக்கும் பெரும்பாலும் வைரஸால். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஆனா குடலில் நமக்காக வேலை செய்யற கோடிக்கணக்கான பாக்டீரியாவைத் தொடும். வயித்துப்போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ்., கூடவே பதினாலு நாள் ஜிங்க். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சுருண்டு படுத்துடற சோர்வுன்னா உடனே கூட்டிட்டு வாங்க, அது வேற கதை.

இது எனக்கு முன்னாடியே தெரியும். ஆனாலும் கூட்டம் நிக்கும்போது, வாக்குவாதம் பண்ண நேரமில்லைன்னு எழுதிக் கொடுத்த நாட்கள் உண்டு. கேட்டதைக் கொடுத்து அனுப்பறது சுலபம். "இப்ப தர மாட்டேன்"னு சொன்ன அந்த மீன் கடைக்காரரை இப்ப அடிக்கடி நினைச்சுக்கறேன். வரிசை நீளமா இருந்தாலும் ரெண்டு நிமிஷம் செலவு பண்ணி விளக்கறேன். சில பேர் கோவிச்சுக்கிட்டுப் போறாங்க. போகட்டும்.

25/
அதுக்காகக் குளோரினும் மருந்தும் எதிரின்னு யாரும் கிளம்பிடாதீங்க. எங்க மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லு மஞ்சக் கறை பிடிச்ச எத்தனையோ பேரை இங்கே பார்க்கலாம். அதுக்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு. அந்தத் தண்ணி குழாய் முனை வரைக்கும் பத்திரமா வர லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் இருந்தே ஆகணும். காலராவையும் டைபாய்டையும் தடுக்கறது அதுதான். குடிக்கற தண்ணிக்குக் குளோரின் வேணும், தொட்டிப் பஞ்சுக்கு வேண்டாம். நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் வேணும், சளிக்கு வேண்டாம். எதை எங்கே வைக்கறோம்ங்கறதுதான் விஷயம்.

26/
தொட்டி வெச்சிருக்கவங்களுக்குச் சுருக்கமா:

• மீன் இல்லைன்னாலும் மோட்டாரை நிறுத்தாதீங்க.
• பஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே லேசா பிழிங்க. குழாய்த் தண்ணி, சோப்பு, பிளீச்சிங், வெயில் எதுவும் கூடாது.
• பஞ்சு, கல், தண்ணி மூணையும் ஒரே நாளில் மாத்தாதீங்க.
• காலித் தொட்டிக்கு வாரத்தில் ரெண்டு தடவை கொஞ்சம் அமோனியா. அது கிடைக்கலைன்னா ஒரு சிட்டிகை மீன் தீவனம், அழுகி அமோனியா வரும். (கருவாடு வேண்டாம், உப்பு.)
• கரண்டு போனா பஞ்சை டப்பாவில் இருந்து வெளியே எடுத்து, ஈரம் காயாம தொட்டியில் விடுங்க.
• மீன் மேலே வந்து வாயைத் திறந்தா, மருந்துக்கு முன்னாடி தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. பாதித் தண்ணியை மாத்துங்க.
• எல்லாம் பூஜ்யம் காட்டினாலும் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடணும்.

27/
போன வாரம் அக்காவோட பேரனுக்கு ஒரு சின்னத் தொட்டி வாங்கியிருக்காங்க. எங்க பஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணியோட ஒரு கவரில் கட்டி மகன் கொடுத்தனுப்பினான். உறை.

அந்த சார்ட் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கு. அதை ஜூன் மாசத்தில் ஆரம்பிக்கலாம்னு நான் சொன்னேன். அவன் கேக்கலை. மேலே முதல் வரியா அவன் கையெழுத்தில் இருக்கறது: "மே. அப்பா பஞ்சைக் கழுவினார்."

வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் படிக்கறாங்க. எடுக்கச் சொல்லி நான் கேக்கலை.

தொட்டி பத்தி சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றேன்.